171 நாள்: பேஸ்பாலில் ஓர் இளம் வீரரை அணி எவ்வளவு காலம் பிடித்துவைக்கலாம்?

2015 மார்ச். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்து எல்லாரையும் மிஞ்சியிருந்தார் கிரிஸ் பிரையன்ட். வயது 23. அப்படிப்பட்டவரைச் சீசன் தொடங்கும்போது சிகாகோ கப்ஸ் அணி மைனர் லீகுக்கு (பெரிய லீக் அணிகளுக்கு ஆள் தயாராகும் கீழ்நிலை லீகுகள்) அனுப்பிவிட்டது. தடுப்பாட்டத்தில் இன்னும் தேற வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். சீசன் தொடங்கிப் பன்னிரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

பன்னிரண்டு நாளில் தடுப்பாட்டம் எவ்வளவு தேறியிருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். அன்றைக்கு சிகாகோவில் பல பேர் கேட்டதும் அதைத்தான். விடை மைதானத்தில் இல்லை, காலண்டரில் இருக்கிறது.

அந்தக் கணக்கை நேராகப் போட்டே பார்த்துவிடுவோம். பிரையன்ட் வந்தது ஏப்ரல் 17. சீசன் முடிந்தது அக்டோபர் 4. ஏப்ரலில் 14 நாள், மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 30, அக்டோபரில் 4. கூட்டினால் 171. பெரிய லீகில் ஓர் ஆண்டு நிறைந்ததாகக் கணக்கில் எழுத 172 நாள் வேண்டும். ஒரே ஒரு நாள் குறைவு.

ஒரு நாள் குறைந்தால் என்ன குடி முழுகிப்போகும்?

ஓர் ஆண்டு போகும். பெரிய லீக் அணியின் பட்டியலில் ஒருவர் இருக்கும் நாள்களைக் கூட்டி வருவதற்கு சர்வீஸ் டைம் (பணிக்காலக் கணக்கு) என்று பெயர். ஆறு முழு ஆண்டு நிறைந்தவர்தான் ஃப்ரீ ஏஜென்ட் (எந்த அணியோடும் விலை பேசும் உரிமை பெற்றவர்) ஆக முடியும். ஐந்து ஆண்டும் 171 நாளும் ஆனவருக்கு அந்த உரிமை கிடையாது. இன்னொரு சீசன் பழைய அணிக்கே ஆட வேண்டும்.

பிரையன்ட்டுக்கு அதுதான் நடந்தது. 2020 முடிவில் வெளியே வந்திருக்க வேண்டியவர் 2021 முடிவில்தான் வந்தார். வீரர்கள் சங்கம் அவர் சார்பில் முறையீடு செய்தது. 2020 தொடக்கத்தில் வந்த தீர்ப்பு கப்ஸ் பக்கம் போனது. அணி அந்தக் கூடுதல் ஆண்டை என்ன செய்தது தெரியுமா? 2021 ஜூலையில் அவரை சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்கு வேறு இளம் வீரர்களை வாங்கிக்கொண்டது. 2015இல் மிச்சம் பிடித்த அந்த ஒரு நாள், ஆறு ஆண்டு கழித்துப் பண்டமாற்றுக்கு உதவியது.

பிடிக்கவில்லை என்றால் வேறு அணிக்குப் போய்விடலாமே?

முடியாது. ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவருக்கு இது விநோதமாகத்தான் இருக்கும். அங்கே பெயர் ஏலத்துக்கு வந்தால் பத்து அணிகளும் கை தூக்கலாம். இங்கே அமெரிக்கப் பள்ளி, கல்லூரியிலிருந்து வரும் பையன் டிராஃப்ட் (அணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆளை எடுக்கும் முறை) வழியாக வருகிறான். எடுத்த அணியோடு மட்டுமே அவன் பேச முடியும். டொமினிகன் குடியரசு, வெனிசுலா போன்ற நாடுகளின் பையன்கள் 16 வயதில் எந்த அணியோடும் பேசிக் கையெழுத்திடலாம். கையெழுத்துப் போட்ட பிறகு அவர்களும் அந்த அணிக்கே கட்டுப்பட்டவர்கள்.

முன்பு இந்தக் கட்டுக்கு முடிவே இல்லாமல் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தாலும் அணி அதைப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். வீரர் ஓய்வு பெறும்வரை விடுதலை இல்லை. 1975 டிசம்பரில் பீட்டர் சைட்ஸ் என்ற நடுவர், ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்நாலி என்ற இரு பந்து வீச்சாளர்களின் வழக்கில் அதை உடைத்தார். அடுத்த ஆண்டு முதலாளிகளும் சங்கமும் உட்கார்ந்து பேசி, ஆறு ஆண்டு என்ற எல்லையை வைத்தார்கள். இன்றைய நாள் கணக்குச் சண்டைகளெல்லாம் அந்தச் சமரசத்தின் பிள்ளைகள்.

அந்த ஆறு ஆண்டில் சம்பளம் எப்படி?

முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய அணி சொன்னதுதான். குறைந்தபட்சத் தொகை மட்டும் உண்டு. 2025இல் அது 7,60,000 டாலர், அதாவது சீசனில் இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 4,000 டாலர். கேட்க நல்ல தொகைதான். ஆனால் பெரிய லீகுக்கு ஒரே ஒரு படி கீழே உள்ள டிரிபிள்-ஏ நிலையில், 2023இல் மைனர் லீக் வீரர்களுக்கென வந்த முதல் கூட்டு ஒப்பந்தம் நிர்ணயித்த குறைந்தபட்சம் ஆண்டு முழுவதற்கும் 35,800 டாலர். அதற்கு முன் 17,500. மேலே ஒன்பது நாள் இருந்தால் கீழே ஓராண்டு வாங்குவதைத் தாண்டிவிடும். ‘கூப்பிட்டார்கள்’ என்ற செய்தி கேட்டதும் இளம் வீரர்கள் வீட்டுக்குப் போன் போட்டு அழுவது எதற்கு என்று இப்போது புரியும்.

மூன்று ஆண்டு முடிந்ததும் ஆர்பிட்ரேஷன் (நடுவர் குழு சம்பளம் தீர்மானிக்கும் முறை) தொடங்குகிறது. இரண்டு ஆண்டு முடித்து மூன்றை எட்டாதவர்களில் அதிக நாள் சேர்த்த 22 சதவீதத்தினருக்கும் இந்த வாய்ப்பு ஓர் ஆண்டு முன்னதாகவே கிடைக்கும்.

இந்த முறையின் சுவாரசியம், நடுவர்கள் நடுவில் போக முடியாது என்பது. வீரர் ஒரு தொகை சொல்வார், அணி ஒரு தொகை சொல்லும், இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். 2024இல் டொரான்டோவின் விளாடிமிர் குரேரோ ஜூனியர் 1.99 கோடி டாலர் கேட்டார். அணி 1.805 கோடி என்றது. குரேரோ வென்றார். இந்த விசாரணையில் சொந்த அணியின் ஆள்களே எதிரில் உட்கார்ந்து, தங்கள் வீரர் ஏன் அவ்வளவு பெறமாட்டார் என்று வாதிடுவார்கள். அடுத்த மாதம் அதே வீரரைத்தான் மைதானத்தில் நம்பியிருக்க வேண்டும். பெரும்பாலான வழக்குகள் விசாரணைக்கு முன்பே பேசி முடிவதில் ஆச்சரியமில்லை.

ஒரு வீரரை எத்தனை முறை மேலும் கீழும் அனுப்பலாம்?

ஒவ்வோர் அணிக்கும் 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. அதிலிருந்து 26 பேர்தான் பெரிய லீகில் ஆடுவார்கள். மீதமுள்ளவரை மைனர் லீகுக்கு அனுப்பும் உரிமைக்கு ஆப்ஷன் (கீழே அனுப்பும் வாய்ப்பு) என்று பெயர். பொதுவாக ஒருவருக்கு மூன்று சீசன்களில்தான் இதைப் பயன்படுத்த முடியும். 2022 முதல் ஒரே சீசனில் ஐந்து முறைக்கு மேல் அனுப்பக் கூடாது. மூன்றும் தீர்ந்தவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் மற்ற அணிகளுக்கு முதலில் அவரை எடுக்க வாய்ப்புத் தர வேண்டும்.

40 பேர் பட்டியலில் சேர்க்காமலே வைத்துக்கொண்டிருந்தால்? அதற்கும் ஒரு பூட்டு இருக்கிறது. 18 வயதுக்குள் கையெழுத்திட்டவரை ஐந்து சீசனுக்குள், 19 அல்லது அதற்கு மேல் என்றால் நான்கு சீசனுக்குள் பட்டியலில் ஏற்ற வேண்டும். தவறினால் டிசம்பரில் நடக்கும் ரூல் ஃபைவ் டிராஃப்டில் (ஒதுக்கிவைத்த வீரரைப் பிற அணிகள் எடுக்கும் முறை) இன்னோர் அணி 1,00,000 டாலர் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகும். எடுத்த அணி அவரை ஒரு சீசன் முழுவதும் பெரிய லீகிலேயே வைத்திருக்க வேண்டும். 1954இல் புரூக்லின் டாட்ஜர்ஸ் இப்படிக் கைவிட்டுப் பிட்ஸ்பர்க் எடுத்துக்கொண்ட பையன்தான் பின்னாளில் பெரும் நட்சத்திரமான ராபர்ட்டோ கிளெமென்ட்டே.

பிரையன்ட் கதை இன்றும் நடக்குமா?

நடக்கும், ஆனால் அணிக்கு இப்போது கொஞ்சம் உறுத்தும். 2022 ஒப்பந்தத்தில் இரண்டு மாற்றம் வந்தது. ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதுக்கான வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு, எத்தனை நாள் ஆடியிருந்தாலும், முழு ஆண்டு எழுதப்படும். சிறந்த இளம் வீரரைத் தொடக்கத்திலிருந்தே ஆட வைத்து அவர் பெரிய விருது வென்றால், அணிக்கு டிராஃப்டில் கூடுதலாக ஓர் ஆள் எடுக்கும் வாய்ப்பு.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இதில் சரியாக மாட்டிக்கொண்டது. 2023இல் முதல் ஆளாக எடுத்த பால் ஸ்கீன்ஸை 2024 மே 11 வரை மேலே கொண்டுவரவில்லை. அவர் வந்து வீசிய வேகத்தில் அந்த ஆண்டின் சிறந்த புதுமுகமாகிவிட்டார். முழு ஆண்டு அவர் கணக்கில் ஏறியது. தாமதமாகக் கூப்பிட்டதால் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பும் கிடைக்கவில்லை. இரண்டு பக்கமும் நஷ்டம். மாறாக, 2022இல் ஹூலியோ ரோட்ரிகஸை முதல் நாளிலிருந்தே ஆட வைத்த சியாட்டில் மரினர்ஸ் அந்தப் பரிசை வாங்கிக்கொண்டது.

சின்ன வயதிலேயே எட்டாண்டு ஒப்பந்தம் போடுகிறார்களே, அது யாருக்கு லாபம்?

இங்கேதான் நீங்கள் கவனமாகச் செய்தி படிக்க வேண்டும். ‘பத்துக் கோடி டாலர்’ என்று தலைப்பில் பார்த்தால் பையன் லாட்டரி அடித்தது போலத் தோன்றும். அணி வாங்குவது அந்த ஆறு ஆண்டை அல்ல, அது ஏற்கெனவே அதன் கையில் இருக்கிறது. அதற்குப் பின்னால் வரும் விடுதலை ஆண்டுகளைத்தான் முன்கூட்டியே மலிவாக வாங்குகிறது.

2019 ஏப்ரலில் அட்லான்டா பிரேவ்ஸ் ஒரே மாதத்தில் இரண்டு ஒப்பந்தம் போட்டது. 21 வயது ரொனால்ட் அகூனியா ஜூனியருக்கு எட்டு ஆண்டுக்கு 10 கோடி டாலர். அதன்பின் இரண்டு ஆண்டு, ஆண்டுக்கு 1.7 கோடி வீதம், வேண்டுமானால் அணி நீட்டித்துக்கொள்ளலாம். 22 வயது ஆசி ஆல்பீஸுக்கு ஏழு ஆண்டுக்கு 3.5 கோடி, அதன்பின் இரண்டு ஆண்டு வெறும் 70 லட்சம் வீதம். ஆல்பீஸின் ஒப்பந்தம் அடிமாட்டு விலை என்பது என் எண்ணம். அப்போதே பலர் அப்படித்தான் சொன்னார்கள்.

அப்படியானால் ஏன் கையெழுத்துப் போட்டார்கள்? வெனிசுலாவிலிருந்து வந்த அகூனியாவுக்கு முதலில் கிடைத்த கையெழுத்துத் தொகை 1,00,000 டாலர். ஒரு முழங்கால் காயம் போதும், எல்லாம் போய்விடும். குடும்பத்துக்கு மூன்று தலைமுறைக்குக் காணும் பணத்தை மேசையில் வைத்தால் 21 வயதில் யார் வேண்டாம் என்பார்? 2021இல் அவருக்கு முழங்கால் தசைநார் அறுந்தே போனது. திரும்பி வந்து 2023இல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருதையும் வாங்கினார்.

அணிக்கும் இது சூதாட்டம்தான். 2018இல் பெரிய லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாத ஸ்காட் கிங்கெரிக்கு பிலடெல்பியா ஆறு ஆண்டுக்கு 2.4 கோடி கொடுத்தது. அவர் சோபிக்கவில்லை, பணம் மட்டும் கடைசிவரை போனது. மறுத்தவர் கதையும் உண்டு. 2021 பிப்ரவரியில் மரினர்ஸ் தலைவர் கெவின் மேதர் ஒரு ரோட்டரி கிளப் கூட்டத்தில், அணியின் இளம் வீரர் ஜாரெட் கெலனிக் நீண்ட ஒப்பந்தத்தை மறுத்ததையும் இளம் வீரர்களின் நாள் கணக்கை அணி எப்படிப் பார்க்கிறது என்பதையும் வெளிப்படையாகப் பேசினார். காணொளி பரவியதும் பதவி விலகினார். கெலனிக் மே மாதம் மேலே வந்தார். அந்த ஆண்டு அவருடைய அடி சராசரி வெறும் .181. மறுத்தது சரியா தவறா என்று இன்றும் வாதாடலாம்.

முழு ஆறு ஆண்டும் பொறுத்திருந்து வென்றவருக்கு ஹுவான் சோட்டோவைச் சொல்லலாம். 2022இல் வாஷிங்டன் நீட்டிய 44 கோடி டாலரை மறுத்தார். 2024 டிசம்பரில் நியூயார்க் மெட்ஸ் 15 ஆண்டுக்கு 76.5 கோடி கொடுத்தது. ஆனால் எத்தனை பேர் சோட்டோ?

பார்வையாளரான உங்களுக்கு இதனால் என்ன பயன்?

சீசன் தொடக்கத்தில் உங்களுக்குப் பிடித்த இளைஞரை ‘இன்னும் தயாராகவில்லை’ என்று கீழே அனுப்பினால், விளக்கத்தை நம்பும் முன் காலண்டரை எடுங்கள். சீசன் சுமார் 187 நாள். 172 போக மிஞ்சுவது 15. மூன்றாவது வாரத்தில் அவர் வந்துவிட்டால் காரணம் உங்களுக்கே தெரியும். உண்மையிலேயே தயாராகாதவர்களும் உண்டு. அவர்கள் மூன்றாவது வாரத்தில் வருவதில்லை.

வீரர் புள்ளிவிவரத்தில் 2.171 என்று ஓர் எண் பார்த்தால் குழம்பாதீர்கள். அது இரண்டு ஆண்டு, 171 நாள். புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் அல்ல. சீசன் முடிவில் 5.020 என்றால் அந்த வீரருக்கு இன்னும் ஒரு சீசன் மட்டுமே கட்டு இருக்கிறது என்று பொருள்.

ஜூலை மாதத்து வீரர் பரிமாற்றச் செய்திகளில் ‘இன்னும் எத்தனை ஆண்டு கட்டுப்பாட்டில்’ என்பதை முதலில் தேடுங்கள். சோட்டோவை 2022இல் வாஷிங்டன் கைமாற்றியபோது அவருக்கு இரண்டரை சீசன் மீதம் இருந்தது. அதனால்தான் மெக்கன்சி கோர், சி. ஜே. ஆப்ரம்ஸ், ஜேம்ஸ் வுட் என்று இளம் வீரர்கள் வரிசையாகக் கிடைத்தார்கள். இரண்டு மாதமே மீதமுள்ளவருக்கு இதில் கால்பங்குகூடத் தேறாது.

பிள்ளைக்கு விருப்பமான வீரரின் பெயர் போட்ட ஜெர்சி வாங்கப் போகிறீர்கள் என்றாலும் இதே எண்ணைப் பாருங்கள். பணம் குறைந்த அணியில் நான்கு ஆண்டு தாண்டியவர் என்றால், அடுத்த ஜூலைக்குள் வேறு ஊர் போய்விடும் வாய்ப்பு அதிகம். நீண்ட ஒப்பந்தம் போட்டவர் என்றால் தைரியமாக வாங்கலாம். அளவு மட்டும் பெரிதாக எடுங்கள், பிள்ளை வளர்ந்துவிடும்.

மேலே சொன்ன விதிகள் 2026 டிசம்பர் 1 அன்று முடியும் ஒப்பந்தத்தில் உள்ளவை. அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தானதும் சம்பளத் தொகைகளை விட்டுவிட்டு, 172, ஆறு என்ற இரண்டு எண்களும் மாறினவா என்று பாருங்கள்.