அசைவாடுகிறவர் இங்கேயும் இருக்கிறார்



சில மாதங்களுக்கு முன்பு ஹவுராவில் வாடகை வீட்டில் வசிக்கும் ஒரு குடும்பத்தாரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காக இந்நகரத்திற்கு வந்தவர்கள். ஜெபித்து முடித்தபின் அந்தச் சகோதரி கண்ணீரோடு சொன்னார்: "ஐயா, ஊரில் எங்கள் சபையில் ஆவியானவர் அசைவாடுவதை உணர்ந்தோம். இங்கே வந்து இரண்டு வருஷமாகிறது. பாஷையும் புரியவில்லை, ஜெபித்தாலும் ஒன்றும் உணர முடியவில்லை. கர்த்தரை ஊரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோமோ?"

நான் பதில் சொல்வதற்குள், பள்ளியில் வங்காளம் பயிலும் அவருடைய மகள் தன் வங்காள வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "ஐயா, ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் 'அசைவாடுதல்' என்பதே இதில் இல்லையே. 'அவஸ்திதி' என்றல்லவா போட்டிருக்கிறது!" என்றாள். அவஸ்திதி என்றால் தங்கியிருத்தல். தமிழில் அசைகிறார், வங்காளத்தில் தங்கியிருக்கிறார். எது சரி? அன்று என்னால் உடனே விடை கூறக்கூடவில்லை. வீடு திரும்பி, வேதாகமக் கல்லூரி நாட்களில் வாங்கிய எபிரெய அகராதியை எடுத்தேன்.

மூன்றே இடங்கள்

மூலமொழியில் அங்கே நிற்கும் வினைச்சொல் 'ராகஃப்' என்பதாகும். பழைய ஏற்பாடு முழுவதிலும் இது மூன்றே இடங்களில் வருகிறது: ஆதியாகமம் 1:2, உபாகமம் 32:11, எரேமியா 23:9. இத்தனை அரிதான சொல்லின் பொருளை அறிய அறிஞர்கள் அண்டை மொழிகளையும் ஆராய்ந்தார்கள். 1929-ஆம் ஆண்டு முதல் சீரியாவின் கடற்கரையில் தோண்டியெடுக்கப்பட்ட உகாரித் களிமண் பலகைகளில், கழுகுகள் ஒருவனுடைய தலைக்குமேல் வட்டமிடுவதைக் குறிக்க இதே வேர்ச்சொல் வருகிறது. சீரியமொழியிலோ இது பறவை அடைகாப்பதையும் குறிக்கும். நான்காம் நூற்றாண்டின் சபைப் பிதாவாகிய பசிலியு, ஒரு சீரியரிடமிருந்து இவ்விளக்கத்தைக் கேட்டதாகத் தம் பிரசங்கத்தில் கூறியிருக்கிறார். ஆயினும் உபாகமத்தில் கூட்டில் இருப்பவை முட்டைகள் அல்ல, குஞ்சுகள். ஆகவே எபிரெயச் சொல்லுக்கு 'அடைகாத்தல்' என்று மட்டும் அழுத்திப் பொருள் கொள்ளலாகாது. தாய்ப்பறவை அருகிலேயே செட்டையடித்துக்கொண்டு, விட்டு விலகாமல் இருக்கும் நிலையே இதன் கருத்து.

வெறுமையின்மேல்

முதலாவது இடத்தைக் கவனியுங்கள். ஆதியாகமத்தில் இச்சொல், தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டும் வடிவில் இருக்கிறது. அப்பொழுது அங்கே என்ன இருந்தது? ஒழுங்கு இல்லை, வெளிச்சம் இல்லை, பாடல் இல்லை, துதிக்க ஒரு மனுஷனும் இல்லை. நம்முடைய கூட்டங்களில் கைத்தட்டலும் ஆரவாரமும் உயரும்போது, "ஆவியானவர் அசைவாடுகிறார்" என்கிறோம். அது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் வேதம் இச்சொல்லை முதன்முதல் வைத்திருப்பது இருளும் வெறுமையுமான ஓரிடத்தின்மேல் அல்லவா? 'வெளிச்சம் உண்டாகட்டும்' என்ற வார்த்தை பிறப்பதற்கு முன்பே அவர் அங்கே இருந்தார்.

கலைக்கப்பட்ட கூடு

இரண்டாவது இடம் மோசேயின் பாட்டு. கழுகு முதலில் தன் கூட்டைக் கலைக்கிறது, பின்பு குஞ்சுகளின்மேல் அசைவாடுகிறது. ஊரையும் உறவையும் விட்டு வந்த நமக்குக் கூடு கலைந்த வேதனை தெரியும். கூடு கலைந்ததனாலேயே கழுகு போய்விட்டது என்று குஞ்சு எண்ணலாகாது. தல்மூதில் பென் சோமா, ஆதியாகமத்தின் இவ்வசனத்தைக் குறித்து, தன் குஞ்சுகளைத் தொடாமல் அவற்றின்மேல் அசைவாடும் புறாவை உவமையாகச் சொல்கிறார். பெற்றோரே, இதில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. வேலைக்கும் படிப்புக்கும் தூர இடங்களுக்குப் போகும் பிள்ளைகளை நசுக்கிவிடவும் வேண்டாம், கைவிட்டுவிடவும் வேண்டாம்.

எலும்புகளின் நடுக்கம்

மூன்றாவது இடம் ஊழியக்காரராகிய எங்களுக்கு உரியது. எரேமியாவின் எலும்புகள் அதிருகின்றன. களிப்பினாலா? இல்லை. கர்த்தர் அனுப்பாத தீர்க்கதரிசிகள் ஜனங்களுக்குச் சமாதானம் என்று பொய்யாய்ச் சொல்லுகிறதைக் கண்டு அவர் உள்ளம் நொறுங்குகிறது. அந்த நடுக்கத்துக்கும் இதே சொல்தான். 'ஊர்மாறி வந்தால் உடனே செழிப்பு' என்று எளிதாய்ப் பிரசங்கிக்கும்போது என் எலும்புகள் அதிருகின்றனவா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஹூக்ளியின் தண்ணீர்

இந்நகரத்திற்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ளது சீராம்பூர். 1793-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கல்கத்தாவில் வந்திறங்கிய வில்லியம் கேரி, அந்நியபாஷையின் நடுவே பாடுபட்டார். மறு ஆண்டில் ஐந்து வயது மகன் பேதுருவை அடக்கம் பண்ணினார். மனைவி டாரதி மனநோய்க்குள்ளானார். ஏழு ஆண்டுகள் கடந்தும் வங்காளியரில் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. 1800 டிசம்பர் 28 அன்றுதான், கிருஷ்ண பால் என்னும் தச்சர், கேரியின் மூத்த மகன் பீலிக்ஸோடு ஹூக்ளித் தண்ணீரில் ஞானஸ்நானம் பெற்றார். 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. அந்த நாளிலும் டாரதி குணமாகவில்லை என்பதை நாம் மறைக்கலாகாது. 1807-ல் அவர் மரிக்கும்வரை அத்துன்பம் நீடித்தது. ஆனாலும் அந்த ஏழு ஆண்டுகளின் வெறுமையின்மேல் ஒருவரும் அசைவாடவில்லை என்று சொல்லத் துணிவோர் யார்?

மறுபடியும் அந்த வீட்டிற்குப் போனேன். மகளிடம், "உன் வேதாகமமும் சரி, அம்மாவுடைய வேதாகமமும் சரி. ஒரே எபிரெயச் சொல்லின் ஒரு பாதியைத் தமிழ் சொல்லுகிறது, மறுபாதியை வங்காளம் சொல்லுகிறது. அவர் அசைவாடுகிறார், விட்டுப் போகாமல் தங்கியும் இருக்கிறார்" என்றேன். அவள் இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாயார் வெகுநேரம் மௌனமாயிருந்தார். பின்பு, "அப்படியானால், ஒன்றும் உணராத நாளிலும் ஜெபிக்கலாமா ஐயா?" என்று கேட்டார்.

"ஜெபிக்கலாம் அம்மா. அந்த நாளில்தான் அதிகமாய் ஜெபிக்க வேண்டும்" என்றேன். மூவரும் முழங்காற்படியிட்டோம். அன்றும் விசேஷமாக எதையும் உணர்ந்ததாக அவர் சொல்லவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு ஆராதனைக்கு, மகளை அழைத்துக்கொண்டு, முதல் ஆளாய் வந்திருந்தார்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டின் வெறுமையின்மேலும் கர்த்தருடைய ஆவியானவர் அசைவாடுவாராக. ஆமென்.