சொந்தமாக ஒரு வாக்கியம்

விளக்கு வைக்கும் வேளைக்கு அண்டை வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, ஏழாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தையும் அதைவிடக் கனத்த கைடையும் அருகருகே விரித்து வைத்துக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கும் சிறுமி ஒருத்தியை வெகு நாட்களாகப் பார்த்து வருகிறேன். நான்கு கோட்டு நோட்டில் அவளுடைய எழுத்துக்கள் கோடு பிசகாமல் முத்து முத்தாக நிற்கும். ஒரு நாள் நோட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, “இதில் நீயாக எழுதியது எது, கண்ணு?” என்று கேட்டேன். “எல்லாம் மிஸ் போர்டுல எழுதிப் போட்டதுதான் தாத்தா, மீதி கைடுல இருக்கு” என்றாள். மாற்றி எழுதினால் மார்க் போய்விடும் என்றும் தானே சொன்னாள்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான மூன்று வருஷங்களில், ஆங்கிலத்தின் பேரால் நம் குழந்தைகளிடம் எதிர்பார்க்கப்படுவது என்னவென்று விசாரித்துப் பார்த்தால், வினாவிடைகளைப் பிழையின்றி நோட்டில் ஏற்றுவதும், மெமரி போயத்தைக் காற்புள்ளிகூட நழுவாமல் மனனம் செய்து ஒப்பிப்பதும், டிக்டேஷனில் தவறிய சொல்லை இம்போசிஷனாகத் திரும்பத் திரும்ப எழுதுவதுமே பெரும்பாலும் அதன் சாரமாக இருக்கக் காண்கிறோம். கதையென்று ஆசையோடு படிப்பதற்காகவே வைக்கப்பட்ட நான்-டீடெயில் பகுதிகூட, பல வகுப்புகளில் ஒரு பக்கச் சுருக்கமாகச் சொல்லி எழுதவைக்கப்பட்டு, கதையின் ருசி சிறிதும் எட்டாமலே முடிந்துவிடுகிறது. விரலுக்கு இத்தனை வேலை கொடுக்கிறோம். வாய்க்கும் மனத்துக்கும் என்ன கொடுக்கிறோம்?

டாக்கா நகரில் உபாத்தியாயர்களைப் பயிற்றுவித்துவந்த மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர், வங்கப் பிள்ளைகளின் இருமொழிக் கல்வியை ஆராய்ந்து 1926-இல் வெளியிட்ட நூலில், இன்றைக்கும் நெஞ்சில் தைக்கிற ஓர் அபிப்பிராயத்தைச் சொல்லியிருக்கிறார். இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பாதியில் நிறுத்தினால், கட்டிய பணத்துக்கு ஈடாக ஏதோ ஒரு தொகை கைக்கு வருகிறதல்லவா? ‘சரண்டர் வேல்யூ’ என்று அதைச் சொல்வார்கள். அதைப் போலவே, படிப்பை நடுவில் விட்டுப் போகிற பிள்ளைக்கும் அதுவரை கற்றதிலிருந்து ஏதேனும் மிஞ்ச வேண்டும் என்பது அவர் வாதம். புரிந்து வாசிக்கும் சக்தியே அப்படி மிஞ்சக்கூடியது என்று கண்டு, வாசிப்புக்கே முதலிடம் தரச் சொன்னார். நம் சிறுமியின் நோட்டுகளுக்கு அத்தகைய மிச்சம் எது? வருஷ முடிவில் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போனால் கிடைக்கும் சில்லறையைத் தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை.

வாசிப்புக்கு முதலிடம் தந்தால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஆங்கிலம் தாய்மொழியல்லாத பீஜித் தீவுக் கிராமங்களின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு, வார்விக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் வகுப்புக்குச் சுமார் 250 கதைப் புத்தகங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். முதலாண்டிலேயே அக்குழந்தைகள் வாசித்தும் கேட்டும் புரிந்துகொள்வதில் வழக்கத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் முன்னேறினார்கள். அடுத்த ஆண்டில் அந்தப் பயன் எழுத்துக்கும் பரவிற்று.

நாற்பது நோட்டுகளைத் திருத்த வேண்டிய ஆசிரியைக்கு ஒரே மாதிரியான விடைதான் சாத்தியம் என்பார்கள். அவர்கள் சிரமம் உண்மையே. ஆனால் என்னை வாட்டுவது வேறு கவலை. பிழைக்கு அஞ்சும் சுபாவம் பன்னிரண்டு வயதுக்குள் குழந்தையின் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. சிவப்பு மையைக் கண்டு நடுங்கிய குழந்தைக்கு, தப்பாக ஒன்றைச் சொல்வதைவிடப் பிறர் சொன்னதைச் சரியாகப் பெயர்த்தெழுதுவதே க்ஷேமமாகப்படுகிறது. அந்த அப்பியாசம் முற்றிய பிறகு, கல்லூரி முடித்து வேலைக்கான நேர்காணலில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்கிறபோது, தன்னைப் பற்றிக்கூடக் கைடில் இருந்ததையே தேடுகிற இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் வீட்டுப்பாடமாக வேறென்ன கொடுக்கலாம்? ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டலாகாது என்று 2020-இல் வெளியான தேசியப் பள்ளிப் பை கொள்கை சொல்கிறது. எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து ஒரு மணி என்றால், ஆங்கிலத்தின் பங்கு பத்துப் பன்னிரண்டு நிமிஷம். அதற்குள் கதையில் அரைப் பக்கத்தை உரக்க வாசிக்கட்டும். கேட்பவள் ஆங்கிலமே அறியாத பாட்டியாயினும் சரி, கதை என்னவென்று அவள் கேட்பாள், குழந்தை தமிழில் சொல்லும், சொல்லத் தெரிந்ததா என்பதிலேயே புரிந்ததா என்பது விளங்கிவிடும். பிறகு அன்றைக்குத் தன் வீட்டில் நடந்ததைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம். பார்த்து எழுத அதற்கு எந்தக் கைடிலும் விடை கிடையாது.

சென்ற வாரம் திண்ணைச் சிறுமியிடம் இதைச் சொல்லி, ரஃப் நோட்டில் எழுதிக் காட்டச் சொன்னேன். நெடுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, “எஸ்டர்டே அவர் கௌ கிவ் கேர்ள் பேபி” என்று எழுதி, நோட்டைக் கையால் பாதி மறைத்தபடி என் முகத்தைப் பார்த்தாள். “தப்பா தாத்தா?” என்றாள். கன்று என்ன நிறம் என்று கேட்டேன். நெற்றியில் மட்டும் வெள்ளையாம், பெயர் இன்னும் வைக்கவில்லையாம். அதையும் எழுதட்டுமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரியைத் தொடங்கினாள்.