தைப்பூசத்துக்குச் சூரியன் ஏன் தாமதம்?

தை பிறந்தால் பகல் நீளும் என்பது சரிதான். ஆனால் மலேசியாவின் நிபோங் திபாலில் தைப்பூசத்தை ஒட்டிப் பால்குடத்தோடு கிளம்புகிறவர்களுக்குப் பொழுது விடியவே மாட்டேன் என்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகலான டிசம்பர் 21 வாக்கில் சூரிய உதயம் 7.22க்கு. பிப்ரவரித் தொடக்கத்திலோ 7.34. பகல் ஆறு நிமிடம் நீண்டிருக்கிறது. விடியல் பன்னிரண்டு நிமிடம் பிந்தியிருக்கிறது!

முதலில் பகலின் நீளம். ஊரின் அட்சரேகை 5.17 டிகிரி, அதன் ‘டேன்’ 0.0905. ஜூன் 21இல் சூரியன் வடக்கே நிற்கும் 23.44 டிகிரிக்கு டேன் 0.4336. பெருக்கினால் 0.0392. அது எந்தக் கோணத்தின் ‘சைன்’ என்று கால்குலேட்டரில் பார்த்தால் 2.25 டிகிரி. டிகிரிக்கு 4 நிமிடமாகக் காலையில் ஒன்பது, மாலையில் ஒன்பது. ஜூனில் 12 மணியோடு இந்த 18 நிமிடம் கூடும், டிசம்பரில் கழியும். காற்று ஒளியை வளைப்பதாலும், சூரியனின் மேல்விளிம்பு தெரிந்ததுமே உதயம் என்று கொள்வதாலும் எந்நாளும் ஏறக்குறைய 7 நிமிடம் உபரி. ஆக, நீண்ட பகல் 12 மணி 25 நிமிடம், குறுகியது 11 மணி 49 நிமிடம்.

வித்தியாசம் வெறும் 36 நிமிடம். சென்னையில் ஒன்றரை மணி நேரம், லண்டனில் எட்டரை மணிக்கும் மேல்.

பகல் இப்படி அசையாமல் இருப்பதால்தான் வேறொரு கணக்கு இங்கே தலைதூக்குகிறது. பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்ந்தது. அதனால் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் ஆண்டு முழுக்க முன்பின்னாகும்: நிபோங் திபாலில் நவம்பர் தொடக்கத்தில் 1.02, பிப்ரவரி நடுவில் 1.32. லண்டனில் இந்த அரைமணி, பகல் நீளத்தின் பெரிய ஏற்ற இறக்கத்தில் அமுங்கிப்போகும். இங்கே அது விடியலையே பின்னால் இழுத்துப்போகிறது.

உச்சிவேளை ஒருமணியைத் தாண்டியதற்குக் காரணம் வானமல்ல. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா, சபா, சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வருவதற்காகக் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளியது.

பள்ளியில் படித்த டேனும் சைனும் தேர்வோடு தூங்கப் போய்விடுகின்றன. நாள்காட்டியில் இருப்பதை அப்படியே நம்புகிறோம். திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்பது, சூரியன் 6 மணிக்கு உதித்து மாலை 6க்கு மறையும் ஊருக்கான கணக்கு. பகலை எட்டுப் பங்காக்கினால் திங்களுக்கு இரண்டாம் பங்கு. பிப்ரவரித் தொடக்கத்து நிபோங் திபாலில் அது 9.04க்குத் தொடங்கி 10.33க்கு முடியும். 7.30க்குச் சூரியனே இன்னும் எழுந்திருக்காது.