கம்ப்ரஷன் எங்கே கசிகிறது?

டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்கின் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால், நல்ல எஞ்சின் பாதி வழியில் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டுதான் கம்ப்ரஷன். மேலேறும் பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே அகப்பட்ட காற்று-பெட்ரோல் கலவை, தன்னை நசுக்க வருவதை எதிர்த்துத் தள்ளுகிறது. கிக்கர் தடையில்லாமல் வழுக்கி இறங்கினால், கலவை எங்கோ வழி கண்டுபிடித்துவிட்டது என்று பொருள். ‘கம்ப்ரஷன் போயிடுச்சு, பிஸ்டன் மாத்தணும்’ என்று பட்டறையில் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். முதல் பாதி நோயின் பெயர். இரண்டாம் பாதி மருந்து. இடையில் இருக்கவேண்டிய காரணத்தைத் தேடாமல் போடப்படும் புது பிஸ்டன், பழையது போன வழியிலேயே போய்ச் சேரும்.

ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் இருப்பதுபோல் ஏறி இறங்கும் வால்வுகள் இதில் இல்லை. சிலிண்டர் சுவரில் வெட்டப்பட்ட துளைகளைப் பிஸ்டனே மறைத்தும் திறந்தும் வேலையை நடத்துகிறது. பிஸ்டனுக்கு மேலே ஓர் அறை, கீழே கிராங்க் கேஸ் என்று இன்னோர் அறை. பிஸ்டன் மேலேறும்போது கீழறை கலவையை உள்ளிழுக்கிறது. இறங்கும்போது அதை நெருக்கி, பக்கவாட்டுப் பாதைகள் வழியே மேலறைக்கு அனுப்புகிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் கசிந்தால் தரையில் ஆயில் சொட்டும், அவ்வளவுதான். டூ-ஸ்ட்ரோக்கில் கீழறை கசிந்தால் மேலறை எரிந்து சாகும். இந்த எஞ்சினின் நோயெல்லாம் புரிவதற்கு இந்த ஒரு வேறுபாடு மனதில் நின்றால் போதும்.

மோட்டோகிராஸ் பந்தயங்களில் நெடுங்காலமாக ஓடும் யமஹா ஒய்இசட் 125-ஐ எடுத்துக்கொள்ளலாம். சிலிண்டரின் உள்விட்டம் 54 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் 54.5 மி.மீ. அதன் கம்ப்ரஷன் விகிதமாக நிறுவனம் ஓர் எண்ணைச் சொல்வதில்லை, ஒரு வரம்பையே சொல்கிறது. புகை வெளியேறும் துளை மூடிய பிறகுதான் உண்மையான நசுக்கல் தொடங்கும். அந்தத் துளையின் மேல்விளிம்பை ஒரு பவர் வால்வு ஏற்றி இறக்குகிறது. குறைந்த வேகத்தில் அது தாழ்ந்திருப்பதால் துளை சீக்கிரம் மூடிக்கொள்ளும், விகிதம் கூடும். கரி படிந்து அந்த வால்வு மேலேயே சிக்கிக்கொண்டால், பிஸ்டனும் ரிங்கும் புத்தம் புதிதாக இருந்தாலும் கம்ப்ரஷன் குறைவாகவே காட்டும்.

கசிவின் அறிகுறிகள் கொஞ்சம் விசித்திரமானவை. கிக்கரை எவ்வளவு உதைத்தாலும் ஸ்டார்ட் ஆகாத வண்டி, தள்ளி ஸ்டார்ட் செய்தால் கிளம்பி, அதிக வேகத்தில் குறை தெரியாமல் ஓடும். இதற்குக் காரணம் நேரக் கணக்கு. உதைக்கும்போது கிராங்க் நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், பிஸ்டன் ஒருமுறை மேலேற 60 மில்லிவினாடி ஆகும். 11,000 சுற்றில் அதே வேலை மூன்று மில்லிவினாடிக்குள் முடிந்துவிடும். ஓட்டை ஒன்றுதான், கசிவதற்குக் கிடைக்கும் அவகாசம் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ‘ஓடும்போது நல்லாத்தானே இருக்கு’ என்று ஓட்டுபவர் ஏமாறுவது இங்கேதான்.

சோதனையைக் கம்ப்ரஷன் கேஜில் தொடங்குவது முறை. பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் கேஜைத் திருகி, பிளக்கின் முனையை எஞ்சின் உலோகத்தில் தொடவைத்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் திறந்து, முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை உதைக்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் மூடியிருந்தால் உள்ளே போதிய காற்றே வராது. நல்ல எஞ்சினும் நோயாளியாகத் தெரியும். நல்ல நிலையிலுள்ள 125 சிசி மோட்டோகிராஸ் எஞ்சினில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை காட்டும். 120-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே பாடு. ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. கேஜின் ரப்பர் குழாய்க்குள் இருக்கும் காலி இடமும் எரியறையோடு சேர்ந்துகொள்வதால், சின்ன எஞ்சின்களில் ஒவ்வொரு கேஜும் ஒவ்வொரு எண்ணைச் சொல்லும். கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. முள்ளும் அதற்கேற்ப இறங்கும். ஒரே கேஜில், ஒரே ஊரில், முன்பு எடுத்த அளவோடு இன்றைய அளவை ஒப்பிடுவதே பயன்தரும்.

அளவு குறைவாக இருந்தால், பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் ஊற்றி மறுபடி உதைத்துப் பார்ப்பார்கள். ஆயில் ரிங்கின் இடுக்கைத் தற்காலிகமாக அடைக்கும். முள் சட்டென்று ஏறினால் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. அசையாவிட்டால் ஹெட் கேஸ்கட்டையோ, துளை விழுந்த பிஸ்டனையோ சந்தேகிக்கலாம். பிஸ்டனை உச்சியில் நகராமல் நிறுத்தி, கம்ப்ரசர் காற்றை உள்ளே செலுத்திக் காது கொடுப்பது இதைவிடத் தெளிவான வழி. சைலன்சருக்குள் சீறினால் ரிங்; ரேடியேட்டர் நீரில் குமிழி வந்தால் ஹெட்; பிளக் மரையில் இரைந்தால் வாஷர்.

இதுவரை பார்த்தது மேலறை. பெரும்பாலோர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கீழறைக்கென்று தனிச் சோதனை உண்டு. புகைத் துளையையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் அடைப்பால் மூடி, கைப்பம்பில் சுமார் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல் இறங்கினால் கசிவு நிச்சயம். சோப்புத் தண்ணீர் தடவினால் இடமும் தெரிந்துவிடும். கிராங்க்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள்தான் வழக்கமான குற்றவாளிகள். மேக்னெட் பக்கத்துச் சீல் கிழிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோலின் பங்கு குறையும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் தொங்கும். டூ-ஸ்ட்ரோக்கில் மசகு ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருவதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு கூடும், மசகு குறையும், பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கதை வேறு: கியர் ஆயில் உறிஞ்சப்பட்டு எரிந்து வெண்புகை கக்கும், கியர்பாக்ஸில் ஆயில் காரணமின்றிக் குறையும்.

சிலிண்டரைக் கழற்றிய பிறகு பிஸ்டனே ஒரு வாக்குமூலம். நான்கு மூலைகளிலும் கீறல் இருந்தால், எஞ்சின் சூடேறும் முன்பே முறுக்கியிருக்கிறார்கள். பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்து உரசியிருக்கிறது. புகைத் துளைப் பக்கம் மட்டும் உராய்ந்து அலுமினியம் இழுபட்டிருந்தால், பெட்ரோல் குறைந்த கலவையும் அதிகச் சூடும் காரணமாக இருக்கலாம். உச்சியின் விளிம்பு பூச்சி அரித்ததுபோல் சிதைந்திருந்தால் அது டெட்டனேஷன், அதாவது கலவை கட்டுக்கடங்காமல் வெடித்ததன் தடம். ரிங்குக்குக் கீழே பழுப்புக் கறை வழிந்திருந்தால், எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி ஒழுகியிருக்கிறது.

காற்று உள்ளே வரும் பக்கத்தில் பிஸ்டனின் பாவாடை மங்கலாகத் தேய்ந்திருந்தால் புழுதி உள்ளே போயிருக்கிறது. டர்ட் பைக்கின் முதல் எதிரி இதுதான். பந்தயத் திடலில் முன்னால் போகும் வண்டி கிளப்பும் மண்ணைப் பின்னால் வருவது மூச்சாக இழுக்கிறது. நடுவில் இருப்பது ஆயில் தடவிய ஒரு நுரைப்பஞ்சு மட்டுமே. அது காய்ந்திருந்தாலோ, அதன் விளிம்பு சரியாக அமராமல் மயிரிழை இடைவெளி விட்டிருந்தாலோ, மணல்துகள் ஆயிலோடு குழைந்து அரைக்கும் பசையாகிவிடும். ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயின் உட்சுவரை விரலால் தடவினாலே தெரிந்துவிடும். விரலில் நறநறவென்று பட்டால் வேறு சாட்சி தேவையில்லை.

அடுத்தது அளவெடுப்பு. பழைய ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனாலேயே மட்டமாகத் தள்ளி, அதன் இரு முனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்ப்பார்கள். 54 மி.மீ. சிலிண்டரில் புது ரிங்குக்கு 0.2 முதல் 0.4 மி.மீ.க்குள் இருப்பது இயல்பு. சிலிண்டரின் விட்டம் 0.1 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு பை மடங்கு, அதாவது 0.31 மி.மீ. கூடும். அவ்வளவும் இந்த இடைவெளியில்தான் வந்து சேரும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானத்தை மூன்று மடங்காகப் பெருக்கிக் காட்டும் இந்தச் சோதனைக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சிலிண்டரை மட்டும் போர் கேஜ் கொண்டு மூன்று ஆழங்களில், குறுக்கும் நெடுக்குமாக ஆறு அளவு எடுக்க வேண்டும். சிலிண்டர் வட்டமாகவே தேய்வதில்லை.

தேய்ந்த சிலிண்டரைச் சீர்செய்யும் வழி அதன் சுவரைப் பொறுத்தது. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை விற்பனையான யமஹா ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் வார்ப்பிரும்பு லைனர் இருக்கிறது. லேத் பட்டறையில் 0.25 மி.மீ. கணக்கில் போர் ஏற்றி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, மறுபடியும் சில முறை அதையே செய்யலாம். நம்மூர் மெக்கானிக்குகளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒய்இசட் 125 போன்ற மோட்டோகிராஸ் வண்டிகளின் சிலிண்டர் வேறு சாதி. அலுமினியச் சுவரின் மேல் நிக்கலும் சிலிக்கான் கார்பைடு துகளும் கலந்த மெல்லிய பூச்சு. ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967-ல் வாங்கெல் சுழல் எஞ்சினுக்காக உருவாக்கிய நிகாசில்தான் இந்த வகைப் பூச்சுகளுக்கு முன்னோடி. அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். சிலிண்டரும் பிஸ்டனும் ஒரே உலோகமானால் இரண்டும் சேர்ந்து விரியும், இடைவெளியை 0.05 மி.மீ. அளவுக்கு நெருக்கமாக வைக்கலாம். ஆனால் பூச்சின் கனம் 0.1 மி.மீ.கூட இல்லை. அதில் போர் ஏற்றினால் பூச்சே போய்விடும்.

பூச்சு சிலிண்டரில் தெரியும் கீறல்களெல்லாம் கீறல்கள் அல்ல. பிஸ்டனின் அலுமினியம் சுவரில் அப்பிக்கொண்டதாகவும் இருக்கலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் தடவினால் அலுமினியம் நுரைத்துக் கரையும். நுரை அடங்கியதும் கழுவிப் பார்த்தால் அடியில் பூச்சு முழுசாக இருப்பதும் உண்டு. கையுறையும் நல்ல காற்றோட்டமும் கட்டாயம். பூச்சு உரிந்த இடத்தில் அமிலம் பட்டால் சிலிண்டரையே தின்றுவிடும் என்பதால் இது அவசரக்காரர்களுக்கான வேலை அல்ல. பூச்சு உரிந்திருந்தால் பழையதை நீக்கி மறுபூச்சு போடும் நிறுவனத்துக்கு அனுப்புவதோ புது சிலிண்டர் வாங்குவதோதான் வழி.

ஹெட்டின் அடிப்பரப்பைத் தடித்த கண்ணாடிமேல் வைத்து ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய கோணல் என்றால் அதே கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி எட்டு போடுவதுபோல் தேய்த்தாலே மட்டமாகிவிடும். கீழறைக்குள் கலவையை விடும் ரீட் வால்வின் இதழ்களை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், விளிம்பு உடைந்திருப்பது உடனே தெரியும்.

பொருத்தும்போது செய்யும் பிழைகள் சிறியவை, தண்டனை பெரியது. பிஸ்டனின் அம்புக்குறி புகைத் துளையைப் பார்க்க வேண்டும். ரிங்கின் முனைகள் துளைகளில் மாட்டி உடையாதபடி, ரிங் சுழலாமல் தடுக்க ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு சிறு ஊசி உண்டு. ரிங்கின் வாய் அதன்மேல் சரியாக அமர வேண்டும். பிஸ்டன் பின்னின் கிளிப்புகளை மறுபடி பயன்படுத்துவது மிச்சம் பிடிக்கும் இடமே அல்ல. கிளிப் தவறி விழும் என்பதால் கிராங்க் கேஸின் வாயைத் துணியால் மூடிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். ஹெட் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்சால், இரண்டு மூன்று சுற்றில் இறுக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் எஞ்சினைச் சூடேற்றி, முழுதாக ஆறவிட்டு, மறுபடி சூடேற்றுவதுண்டு. புது ரிங் சிலிண்டரோடு படியும்வரை கேஜ் சற்றுக் குறைவாகவே காட்டும். அதைக் கண்டு பதற வேண்டாம். படிந்த பிறகு வரும் எண்ணை, ஓடிய மணிக்கணக்கோடு குறித்துவைக்க வேண்டும். டர்ட் பைக்குக்கு ஆயுள் கிலோமீட்டரில் இல்லை. மோட்டோகிராஸ் பிஸ்டனை மாற்றும் தவணையையும் மணியில்தான் எண்ணுகிறார்கள்.