குணமா, கோளாறா?



"அவரு பிறவிக் குணமே அப்படித்தானுங்க" என்று சொல்லியே வருஷக்கணக்காய்க் காலந்தள்ளும் குடும்பங்கள் உண்டு. வாலிப வயதிலிருந்தே ஒருவருடைய நினைப்பும் நடத்தையும் ஒரே விதமாய்க் கோணிப்போய், வீட்டிலும் வேலையிலும் யாரோடும் ஒத்துப்போக முடியாமல், அவரையும் மற்றவரையும் வருத்துமானால், டாக்டர்கள் அதை ஆளுமைக் கோளாறு என்கிறார்கள்.

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. குணத்தை அளக்க அப்படி ஒன்றும் இல்லை. அந்த ஊரும் சமூகமும் இயல்பென்று ஏற்பதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்றும் பார்த்தாக வேண்டும். மாமியாரைக் கேட்காமல் மருமகள் ஒன்றும் செய்வதில்லை என்றால், நம் பக்கம் அது நோயல்ல.

திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். தேனி, திண்டுக்கல், ஒடிசா, பீகார் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு ஒற்றை அறை லைன் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். கண்டிக்கவோ தேற்றவோ பெரியவங்க பக்கத்தில் இல்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அப்போது வேலை போனவர் எரிந்து விழுந்திருந்தால் அது கோளாறல்ல, கஷ்டம். குடித்தால் மட்டும் கை நீட்டுகிறவருக்கு முதலில் குடிக்குத்தான் வைத்தியம். அதுவரை அடி வாங்கிக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை. பெண்கள் உதவி எண் 181.

ஊர்த் தராசும் நேராக இல்லை. ஆண் கத்தினால் 'கோபக்காரர்', பெண் கத்தினால் 'பைத்தியம்'. மனைவியை ஓயாமல் சந்தேகப்படுவதைப் 'பாசம் ஜாஸ்தி' என்று மூடி வைக்கிறோம். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப் போயிரும்" என்பது இதைவிடப் பெரிய தப்பு. இன்னொரு உயிரும் சேர்ந்து அவதிப்படும், அவ்வளவுதான்.

பிறவிக்கூறு கொஞ்சம் உண்டு. சிறு வயதில் பட்ட அடியும் அலட்சியமும் அதோடு சேர்கின்றன. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டு வந்ததாலேயே அது கெட்டுவிடாது. அங்கே பாசம் இருக்கட்டும். நீங்களும் போனில் அடிக்கடி பேசுங்கள்.

இதற்குப் பேச்சு வழிச் சிகிச்சையே முக்கியம், மாதக்கணக்கில் ஆகும். பலருக்கு வயது ஏற ஏறத் தணியவும் செய்கிறது. "செத்துப்போறேன்" என்று யாராவது சொன்னால் 'சும்மா மிரட்டறாங்க' என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாய்ப் பேசலாம். அரசு மருத்துவமனையில் மனநல டாக்டரைப் பார்க்கும்போது, இது எந்த வயதில் தொடங்கியது, குடிக்காத நாளிலும் இருக்கிறதா, வேலைக்குப் போகாத நாளிலும் இருக்கிறதா என்று இருவரும் சேர்ந்தே சொல்லுங்கள்.