நீந்தாமலே இடம் மாறிய மீன்

செத்துப் பல வருடங்களான ஒரு மீன், ஒரே நொடியில் 760 கிலோமீட்டர் போக முடியுமா?

முடியும். துடுப்பை அசைக்க வேண்டியதில்லை. தண்ணீரில்கூட இருக்க வேண்டியதில்லை. பதிவேட்டைப் பார்த்து நகலெடுப்பவர் ஒரே ஒரு சொல்லை மாற்றி எழுதிவிட்டால் போதும்.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் எடுத்துவாருங்கள். அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில் பெரிங் நீரிணை என்று ஒரு குறுகலான வாசல் தெரியும். அதைத் தாண்டி வடக்கே போனால் சுக்சி கடல். ஆர்க்டிக் பெருங்கடலின் ஒரு மூலை அது. கிழக்குத் தீர்க்கரேகைகளும் மேற்குத் தீர்க்கரேகைகளும் முட்டிக்கொள்ளும் 180 பாகைக் கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது.

இங்கே 70 பாகை வடக்கு, 170 பாகை மேற்கு என்ற இடத்தில் ஒரு மீன் பிடிபட்டதாக வைத்துக்கொள்வோம். மேற்கு என்பதைக் கிழக்கு என்று எழுதிவிட்டால், வரைபடத்தில் அது கிழக்கு சைபீரியக் கடலில் போய் விழும். இரண்டு இடங்களுக்கும் நடுவே ஏறத்தாழ 760 கிலோமீட்டர்! அப்புறம் என்ன? அந்த வரைபடத்தை நம்பி ஒருவர் கட்டுரை எழுதுவார். அந்தக் கட்டுரையை நம்பி இன்னொருவர் புத்தகம் எழுதுவார். மீனோ எதுவும் அறியாமல் கண்ணாடிக் குடுவைக்குள் கிடக்கும்.

இப்படி வழி தவறிய மீன்களை மறுபடி அவற்றின் கடலிலேயே கொண்டுபோய் விடுவதற்கென்று சில அறிவியலாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலையின் பெரும்பகுதி கடலில் நடப்பதில்லை, அருங்காட்சியகத்தின் பின்கட்டில் நடக்கிறது. நாம் சீட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார்க்கிற கூடங்களுக்குப் பின்னால், வரிசை வரிசையாக அலமாரிகள் கொண்ட அறைகள் இருக்கும். ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், டென்மார்க்கில் கோபன்ஹேகன், அமெரிக்காவில் வாஷிங்டன், சான் பிரான்சிஸ்கோ என்று பல ஊர்களில் ஆர்க்டிக் மீன்கள் இப்படிக் குடுவைகளில் காத்திருக்கின்றன. சில மீன்கள் உங்கள் தாத்தாவின் தாத்தாவைவிட மூத்தவை. 1881 முதல் 1883 வரை அலாஸ்காவின் வடகோடியான பாயின்ட் பாரோவில் ஓர் ஆய்வுக் குழு தங்கியிருந்தது. அதில் இருந்த ஜான் மர்டாக் பிடித்துச் சேர்த்த மீன்கள் வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தன. கடலே பல மாதம் உறைந்துகிடக்கும் ஊர் அது. நினைத்தபோதெல்லாம் போய் வலை வீச முடியாது. அதனால் அங்கிருந்து வந்த ஒவ்வொரு மீனுக்கும் மதிப்பு அதிகம்.

குடுவையைத் திறந்ததும் முதலில் தேடுவது மீனை அல்ல, உள்ளே கிடக்கும் சீட்டை. எங்கே, எப்போது, எவ்வளவு ஆழத்தில், யார் பிடித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். மீனோடு சேர்ந்து அந்தச் சீட்டும் சாராயத்தில் ஊறிக்கொண்டிருக்கும். நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தாளில் பால்பாயின்ட் பேனாவால் உங்கள் பெயரை எழுதுங்கள். கீழே பென்சிலாலும் எழுதுங்கள். இரண்டின் மேலும் கைக்குப் போடும் சானிடைசரை ஒரு சொட்டு விட்டுத் தேயுங்கள். சானிடைசரிலும் சாராயம்தான் இருக்கிறது. பேனா எழுத்து இழுபட்டுக் கரைந்துபோகும், பென்சில் எழுத்து அப்படியே நிற்கும். அருங்காட்சியகச் சீட்டுகளைப் பென்சிலாலோ, கரி கலந்த கறுப்பு மையாலோ எழுதுவது இதனால்தான்.

சீட்டைப் படித்தாயிற்று. அதில் எழுதியிருக்கும் பெயர் உள்ளே இருக்கும் மீனின் பெயர்தானா? இங்கேதான் சிக்கல். குடுவையில் போட்ட கொஞ்ச காலத்திலேயே நிறம் போய்விடும். உயிரோடு இருந்தபோது சிவப்போ பச்சையோ, பெரும்பாலும் வெளிறி ஒரே மங்கல் பழுப்பு. நத்தைமீன் என்றொரு கூட்டம் ஆர்க்டிக்கில் உண்டு. வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் வட்டு வைத்திருக்கும் வழுவழு மீன்கள். உடம்பு கூழ் மாதிரி, தோல் தொளதொள. குடுவையில் சில வருடம் கிடந்தால், துவைத்துப் பிழியாமல் போட்ட காலுறை போல ஆகிவிடும். இது எந்த வகை நத்தைமீன் என்று கேட்டால் நான் ஓடிப்போய்விடுவேன்.

நிபுணர்கள் ஓடுவதில்லை, எண்ணத் தொடங்குகிறார்கள். முதுகுத் துடுப்பில் எத்தனை முட்கள்? செவுளில் எத்தனை? மீனை அறுக்காமல் எக்ஸ்ரே படம் எடுத்து, முதுகெலும்பின் கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். கண்ணின் அகலம், தலையின் நீளம் எல்லாவற்றையும் அளப்பார்கள். பிறகு, அந்தப் பெயரை முதன்முதலில் எந்த மீனுக்கு வைத்தார்களோ அந்த மூல மீனோடு ஒப்பிடுவார்கள். ஆம், அந்த மூல மீனும் பெரும்பாலும் எங்காவது ஒரு குடுவையில் பத்திரமாக இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்த்தால் சில சமயம் வேடிக்கையான முடிவு வரும். ஆர்க்டிக்கின் காட் வகை மீன்களில் ஒரு பிரிவில் இரண்டு இனங்கள் இருப்பதாகப் பல வருடம் நம்பினார்கள். ஒன்றுக்கு 1872-லேயே பெயர் வைத்தாயிற்று, மற்றதற்கு 1932-ல். ஒன்றுக்குத் தாடையின் கீழ் கெளுத்தி மீசை போல ஓர் இழை தொங்கும், மற்றதற்குக் கிடையாது. 2003-ல் மூன்று ஆய்வாளர்கள் பல அருங்காட்சியக மீன்களை அடுக்கி வைத்துப் பார்த்தார்கள். நீளத் தாடி, குட்டைத் தாடி, பேருக்குத் தாடி, தாடியே இல்லை என்று எல்லா நிலைகளும் வரிசையாக இருந்தன. எங்கே கோடு கிழிப்பது? கிழிக்க முடியாது. இரண்டும் ஒரே இனம். தாடி வைத்த மாமாவையும் மழித்த மாமாவையும் வேறு வேறு ஆள் என்று நினைத்த கதைதான்! இப்படி நேர்ந்தால் மூத்த பெயருக்கே உரிமை. 1932-ன் பெயர் போயிற்று, இரண்டு வரைபடங்கள் ஒன்றாயின.

எனக்கு இதைவிடப் பிடித்தது நார்வே பொல்லாக் கதை. 1932-ல் நார்வேயின் வடகோடியில், ஃபின்மார்க் பகுதியின் பெர்லவோக் என்ற ஊரில் இரண்டு மீன்கள் கரைக்கு வந்தன. பார்க்க அலாஸ்கா பொல்லாக் மாதிரியே இருந்தன. ஆனால் அலாஸ்கா பொல்லாக் வாழ்வது பூமியின் மறுபக்கத்தில், பசிபிக் பெருங்கடலில். வயிற்றுத் துடுப்பும் சற்று நீளமாகத் தெரிந்தது. எனவே 1956-ல் ஐனார் கூஃபூட் என்பவர் அவற்றைப் புதிய இனம் என்று அறிவித்து, ஃபின்மார்க் பெயரையே அதற்குச் சூட்டினார். அதன் பிறகும் அந்த மீன் எப்போதாவதுதான் அகப்பட்டது. அரிய மீன், நார்வேக்கே உரிய மீன்!

பிறகு டி.என்.ஏ வந்தது. ஒவ்வோர் உயிரின் செல்லுக்குள்ளும் இருக்கும் அந்த நீளமான எழுத்துச் சரத்தில், சுமார் 650 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைப் படித்தாலே பெரும்பாலும் இனத்தைச் சொல்லிவிடலாம் என்று 2003-ல் கனடாவின் பால் ஹெபர்ட்டும் அவரது குழுவினரும் காட்டினார்கள். கடைப் பொருளின் பார்கோடு போலத்தான். நார்வே ஆய்வாளர்கள் தங்கள் அரிய மீனின் உடம்பையும் அளந்தார்கள், டி.என்.ஏ-வையும் படித்தார்கள். 2008-ல் முடிவு வந்தது. அது அலாஸ்கா பொல்லாக்கேதான்! பெட்டி பெட்டியாகப் பிடித்து, மீன் விரல் வறுவலாகவும், நண்டே இல்லாத ‘நண்டுக் குச்சி’யாகவும் உலகமெங்கும் விற்கிறார்களே, அதே மீன். நார்வே ஓர் அரிய மீனை இழந்தது. அலாஸ்கா பொல்லாக்கின் வரைபடமோ ஒரே தாவலில் இன்னொரு பெருங்கடலுக்குப் போய்விட்டது. இந்த முறை மீனும் நிஜமாகவே அங்கே இருந்தது.

எல்லாக் குடுவையிலும் டி.என்.ஏ உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடம்பு அழுகாமல் இருக்க முதலில் ஃபார்மலினில் போடுவார்கள். அது சதையைக் கெட்டியாக்கும், டி.என்.ஏ-வைச் சிதைக்கும். அதனால் இப்போது புதிதாகப் பிடித்த மீனிலிருந்து ஒரு துணுக்குச் சதையை முதலிலேயே வெட்டித் தூய சாராயத்தில் எடுத்து வைத்துவிடுகிறார்கள். பழைய மீன்களுக்குப் பெரும்பாலும் எண்ணுவதும் அளப்பதும்தான் கதி.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? ஆர்க்டிக் கடல் வேகமாகச் சூடாகிறது. பேரண்ட்ஸ் கடலில் காட் போன்ற தெற்கத்தி மீன்கள் வடக்கு நோக்கி நகர்ந்திருக்கின்றன. நாளைக்கு ஒரு வலையில் புது மீன் வந்தால், அது வெயில் துரத்தி இப்போது வந்ததா, இல்லை எப்போதும் அங்கேயே இருந்ததா என்று கேட்பார்கள். பதில், நூறு வருடம் முன்னால் யாரோ நிரப்பிய குடுவையில் இருக்கலாம், தப்பான பெயரோடு. அலாஸ்கா மீன்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த கேத்தரின் மெக்லன்பர்க் இரண்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து புத்தகங்களையும் குடுவைகளையும் சலித்து, 2011-ல் ஆர்க்டிக் பகுதிக்கு உறுதியான கடல் மீன் இனங்கள் 242 என்று பட்டியலிட்டார். 2018-ல் பல நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர் எழுதிய வரைபடப் புத்தகமே வந்துவிட்டது.

தப்பான பெயர் என்று தெரிந்ததும் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கிடையாது. அது அப்படியே உள்ளேயே இருக்கும். சரியான பெயர், அதைச் சொன்னவர் பெயர், வருடம் எழுதிய இன்னொரு சீட்டை அதன் பக்கத்தில் நழுவவிட்டு மூடியைத் திருகுவார்கள். சில குடுவைகளில் மூன்று நான்கு சீட்டுகள்கூட மிதக்கும், வெவ்வேறு கையெழுத்தில்.