செருகும் கருவியை நம்பலாமா? யுஎஸ்பி இயக்கிகளில் ஒளிந்திருக்கும் ஆபத்து

புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் மேம்பட்ட கணினி வளர்ச்சி மையம் (சி-டாக்) உருவாக்கிய 'யுஎஸ்பி பிரதிரோத்' மென்பொருள் 2017 பிப்ரவரி 21-இல் அறிமுகப்படுத்தப்பட்டது. அனுமதியற்ற பென் டிரைவ்களின் பயன்பாட்டை அது கட்டுப்படுத்துகிறது. எனினும், யுஎஸ்பி போர்ட்டில் பென் டிரைவ் மட்டுமே செருகப்படுவதில்லை. கேமரா, விசைப்பலகை, ஒலிக்கருவி ஆகியவையும் இணைக்கப்படுகின்றன. அவற்றைக் கையாளும் 'டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருளில் உள்ள சிறு பிழைகூட, பூட்டிய கைப்பேசியைத் திறக்க வழிவகுக்கலாம்.

நிகழ்வது என்ன?

செருகப்பட்டவுடன் ஒரு கருவி தனது வகை, திறன் குறித்த விவரங்களை அனுப்புகிறது. அவற்றை எழுதிவைக்க இயக்கி நினைவகத்தில் ஓர் இடத்தை ஒதுக்குகிறது. இதுவே 'பஃபர்'. ஒதுக்கிய அளவைவிட அதிகமாக எழுதப்பட்டால், தரவு வழிந்து அருகிலுள்ள பிற தரவுகளை மாற்றிவிடும். இயக்கிகள் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் செயல்படுவதால், சாதனம் முழுவதும் தாக்குபவரின் கட்டுப்பாட்டுக்குச் செல்லக்கூடும்.

2008 முதல் இருந்த பிழை

லினக்ஸ் கெர்னலின் யுஎஸ்பி கேமரா இயக்கியில் இத்தகைய பிழை (சிவிஇ-2024-53104) 2008 முதல் இருந்துவந்தது. வகை வரையறுக்கப்படாத படச்சட்டங்களை இடம் ஒதுக்கும்போது இயக்கி கணக்கில் சேர்க்கவில்லை. எழுதும்போது மட்டும் அவற்றையும் சேர்த்து எழுதியது. ஆண்ட்ராய்டும் இதே கெர்னலில் இயங்குவதால், 2025 பிப்ரவரியில் கூகுள் திருத்தம் வெளியிட்டது. செர்பியாவில் மாணவச் செயற்பாட்டாளர் ஒருவரின் பூட்டிய கைப்பேசி, இப்பிழை உள்ளிட்ட யுஎஸ்பி குறைபாடுகளைப் பயன்படுத்தித் திறக்கப்பட்டதாக அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அதே மாதம் தெரிவித்தது.

தடுப்பது எப்படி?

கருவி கூறும் அளவை இயக்கி அப்படியே ஏற்கக் கூடாது. ஒதுக்கிய இடத்துடன் ஒப்பிட்ட பிறகே எழுத வேண்டும். வரையறுக்கப்படாத படச்சட்டங்களைப் புறக்கணிக்கச் செய்ததே லினக்ஸில் செய்யப்பட்ட திருத்தமாகும். போலிக் கருவிபோல் தாறுமாறான தரவுகளை அனுப்பிச் சோதிக்கும் 'ஃபஸ்ஸிங்' முறையும் பிழைகளை முன்கூட்டியே கண்டறிய உதவுகிறது. நினைவக வரம்பு மீறலைத் தடுக்கும் வகையில் வடிவமைக்கப்பட்ட ரஸ்ட் நிரல்மொழிக்கு, 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 பதிப்பில் இடமளிக்கப்பட்டது.

பயனர்கள் செய்ய வேண்டியது

அம்னெஸ்டி சுட்டிக்காட்டிய மூன்று குறைபாடுகளுக்கும் 2025 பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆண்ட்ராய்டில் திருத்தங்கள் வெளியாகின. கைப்பேசி அமைப்புகளில் காணப்படும் பாதுகாப்புப் புதுப்பிப்புத் தேதி 2025 ஏப்ரல் 5-க்கு முந்தையதாக இருந்தால், உடனடியாகப் புதுப்பித்துக்கொள்வது அவசியம்.